கதவின் கைப்பிடி

வீட்டிலுள்ள பொருள்களுள் நாள்தோறும் எல்லோருடைய கையும் படுவது எது என்று கேட்டால், விடை கூறச் சிறிது நேரம் எண்ண வேண்டியிருக்கும். அடுப்பைத் தொடாதவர் உண்டு. ஏட்டைத் தொடாதவரும் உண்டு. கதவின் கைப்பிடியைத் தொடாதவரோ எவரும் இலர். காலையில் எழுபவர் அதனைப் பிடித்தே வெளியே வருகின்றார். இரவில் உறங்கச் செல்பவர் அதனைப் பிடித்தே கதவை அடைக்கின்றார். ஆயினும், அது நன்றாக இயங்கும் வரையில் அப்படி ஒன்று இருப்பதை எவரும் நினைப்பதில்லை. கழன்று கையோடு வரும் நாளில்தான் அதன் நினைவு வருகின்றது.

கதவின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தமிழர் தனித்தனிப் பெயர் இட்டு வழங்கினர். கதவைத் தாங்கி நிற்கும் சட்டம் நிலை எனப்படும். கதவு சுழல்வதற்குத் துணையான முனை குடுமி எனப்படும். கதவைத் திறவாமல் தடுப்பது தாழ். கொண்டியை ஏற்றுக்கொள்ளும் வளையம் நாதாங்கி. வள்ளுவப் பெருந்தகையார் அன்புடைமை என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே தாழ் என்னும் சொல்லை ஆண்டுள்ளார். கைப்பிடி என்னும் சொல்லைப் பிரித்து நோக்கினால், கை என்பதே முன் நிற்கக் காணலாம். அஃது இரும்பாலாயதா, பித்தளையாலாயதா, மரத்தாலாயதா என்பதைச் சொல் கூறவில்லை. கையால் பிடிப்பதற்கு உரியது என்பதை மட்டும் கூறுகின்றது. கைக்கு எட்டாததும், கைக்குள் அடங்காததும், கையை வருத்துவதும் கைப்பிடி என்னும் பெயருக்கு எங்ஙனம் பொருந்தும்?

பழைய வீடுகளின் தலைவாயிற் கதவுகளில் கனத்த வளையங்கள் தொங்கக் காணலாம். காவிரிக்கரை ஊர்களிலும் செட்டிநாட்டிலும் அவை இன்றும் உள்ளன. செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. அத்தேக்கில் செய்த கதவுகளில் பித்தளை வளையங்கள் அழகு செய்தன. வளையத்தைப் பிடித்து இழுத்தால் போதும், திருக வேண்டியதில்லை. பிற்காலத்தில்தான் திருகித் திறக்கும் குமிழ் நம் வீடுகளுக்கு வந்தது. அதன் அமைப்புச் சுவையானது. கதவின் விளிம்பில் நாக்குப் போன்ற ஓர் உலோகத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருக்கும் வில் அதனை எப்பொழுதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கதவு சாத்தப்படும்போது நாக்கு நிலையிலுள்ள குழியில் சென்று பதியும். கதவின் இருபுறமும் உள்ள குமிழ்களை ஒரு சதுரக் கம்பி இணைத்து நிற்கும். குமிழைத் திருகினால் கம்பி சுழலும், கம்பி சுழன்றால் நாக்கு உள்ளே இழுபடும், கதவு திறக்கும்.

இத்தகைய குமிழ் ஒன்று, கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் உள்ள ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று பழைய முறைப்படி அமைந்த வீடு அது. கூடத்தை ஒட்டிய அறையில் எழுபத்தெட்டு வயது நிரம்பிய மூதாட்டி ஒருவர் உறங்குவது வழக்கம். அவ்வறைக் கதவில் இருந்த பித்தளைக் குமிழ், அவருடைய கணவர் தம் இளமையில் கும்பகோணம் கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்தது. தச்சரின் அருகே அமர்ந்து அதனைப் பொருத்தச் செய்தவரும் அவரே. அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் குமிழின் பளபளப்புக் குன்றவில்லை. மூதாட்டி வெள்ளிக்கிழமைதோறும் புளியிட்டு அதனைத் துலக்கி வந்தார்.

அவ்வறையின் கதவடியில் ஒரு குழவிக்கல் எப்பொழுதும் கிடக்கும். கதவு முழுவதும் சாத்திக்கொள்ளாதபடி அது தடுத்து நிற்கும். காற்றுக்காக அதனை வைத்திருக்கின்றார் என்று மகன் எண்ணினார். நெடுநாளைப் பழக்கம் என்று மருமகள் எண்ணினார். பள்ளியில் பயிலும் பேரனோ ஒன்றும் எண்ணவில்லை. அக்கல்லில் அவ்வப்போது காலை இடித்துக்கொண்டு முகம் சுளிப்பதோடு நின்றான்.

ஐப்பசித் திங்களில் ஒரு நாள் வீட்டைக் கழுவியபோது அக்கல்லை அகற்றினர். மீண்டும் வைக்க மறந்துவிட்டனர். அன்று இரவு மழையும் காற்றும் மிகுந்தன. நள்ளிரவில் காற்று வேகத்தால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. இடியோசையில் அவ்வோசை எவர் காதிலும் விழவில்லை. விடியற்காலையில் எழுந்து கூடத்திற்கு வந்த பேரன், பாட்டியின் அறைக் குமிழ் சிறிது அசைவதும் நிற்பதுமாக இருக்கக் கண்டான். ஓடிச் சென்று வெளியிலிருந்து அதனைத் திருகிக் கதவைத் தள்ளினான். பாட்டி முந்தானையைக் குமிழில் சுற்றி, இரு கைகளாலும் பற்றியவாறு உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமாக இப்படி, பாட்டி?" என்று கேட்டான்.

"எல்லோரும் அயர்ந்து தூங்கினீர்கள். எதற்கு எழுப்புவது என்று இருந்துவிட்டேன்" என்றார் அவர். எவ்வளவு நேரம் என்பதை மட்டும் கூறவில்லை.

குழவிக்கல் ஏன் கிடந்தது என்பது அன்றுதான் அவ்வீட்டாருக்கு விளங்கிற்று. மூதாட்டியின் விரல் மூட்டுகள் வாதத்தால் வீங்கியிருந்தன. உருண்டைக் குமிழைத் திறப்பதற்கு ஐந்து விரல்களையும் இறுக மூடவேண்டும். மூடிய பிடியைத் தளர்த்தாமல் மணிக்கட்டைத் திருப்பவும் வேண்டும். இரண்டும் அவருக்கு இயலாதவை. மழைக்காலத்தில் துன்பம் இருமடங்காயிற்று. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் பெரிதும் மாறாது, அகலத்தில் பருக்கும். பருத்த கதவு நிலையை நெருக்கும். நாக்கும் குழியில் இறுகும். இளைஞர் ஒரு கையால் எளிதிற் செய்ததை முதியவர் இரு கைகளாலும் செய்ய இயலவில்லை.

மகன் மனம் வருந்தினார். "இன்றே இதை மாற்றிவிடலாம், அம்மா" என்றார். மூதாட்டியோ இசையவில்லை. "உன் அப்பா வைத்தது, இருந்துவிட்டுப் போகட்டும். கல்லை மறக்காமல் வைத்தால் போதும்" என்று கூறிவிட்டார். மகனுக்கும் அக்குமிழ் தந்தையின் நினைவுப் பொருளேயாகும். ஆதலின் மேலும் வற்புறுத்த அவர் நா எழவில்லை. முதலில் அதனைச் செப்பனிட்டுப் பார்க்கலாம் என்று எண்ணி, அவ்வூரிலிருந்த முதிய தச்சர் ஒருவரை அழைத்தார்.

தச்சர் குமிழைத் திருகியும் அசைத்தும் பார்த்தார். "சதுரக் கம்பியின் முனைகள் தேய்ந்துவிட்டன. புதுக் கம்பி போட்டால் இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் உங்களுக்கும் எனக்கும் உழைக்கும், அம்மாவின் கைக்கு உழைக்காது" என்றார். பிறகு மூதாட்டியை நோக்கி, "பெரியவர் இதை வைத்தது நீங்கள் கதவைத் திறந்து வருவதற்குத்தானே, அம்மா? திறக்காமல் உங்களை உள்ளே நிறுத்தி வைப்பதற்கா?" என்று கேட்டார். மூதாட்டி சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்பு, "கழற்றுங்கள், ஆனால் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது" என்றார்.

உருண்டைக் குமிழுக்கு மாற்றாகத் தச்சர் கூறியது நீண்ட கைபோன்ற பிடி. அதன் நன்மையை நெம்புகோலின் இயல்பை அறிந்தார் எளிதில் உணர்வர். ஒன்றைச் சுழற்றும் திறன், நாம் செலுத்தும் விசையை மட்டும் பொறுத்ததன்று; சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் அவ்விசையைச் செலுத்துகின்றோம் என்பதையும் பொறுத்தது. இதனைத் திருப்புத்திறன் என்று அறிவியலார் கூறுவர். 5 செ.மீ. குறுக்களவுள்ள குமிழில் விரல்கள் படும் இடம் அச்சிலிருந்து 2.5 செ.மீ. தொலைவில் உள்ளது. நீண்ட பிடியில் 10 செ.மீ. தொலைவில் கையை வைத்து அழுத்தலாம். ஆகவே, முன்பு வேண்டியிருந்த விசையில் நான்கில் ஒரு பங்கே போதும். அன்றியும், விரல்களை மூடி இறுக்க வேண்டியதில்லை. உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தினாலும் கதவு திறக்கும்.

புதிய பிடியும் பித்தளையாகவே இருக்கட்டும் என்று மகன் விரும்பினார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். செம்பு மிகுந்த பரப்பில் நோய்க்கிருமிகள் பல நெடுநேரம் உயிர் வாழ்வதில்லை. இவ்வியல்பை ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செப்புக் கலவைகளைக் கிருமிகளை அழிக்கவல்ல பொருள்களாகப் பதிவு செய்தது. பலர் கையும் படும் பொருளுக்கு இஃது ஒரு சிறப்பேயாகும். எனினும், பளபளப்புக்காக மெருகெண்ணெய் பூசி மூடிய பித்தளையில் இப்பயன் கிட்டாது. கைகழுவுதலுக்கு எந்த உலோகமும் மாற்றாகாது.

பிடி வந்ததும் தச்சர் வேலையைத் தொடங்கினார். பழைய திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. பேரன் திருப்புளியை வாங்கி முழு வலிமையோடும் திருக முயன்றான். தச்சர் அவனைத் தடுத்தார். ஆணித் தலையின் பள்ளம் சிதைந்துவிட்டால் ஆணியைக் கழற்றவே இயலாது என்று விளக்கி, ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு சொட்டு எண்ணெயிட்டுக் காத்திருந்தார். அரைமணி நேரங் கழித்து ஆணிகள் அமைதியாகச் சுழன்று வெளிவந்தன. விரிந்துபோன பழைய துளைகளில் தேக்குச் சிம்புகளைப் பசையிட்டு அடைத்து, உலர்ந்தபின் மேலே சீவிச் சமன் செய்தார். புதிய ஆணிகளுக்கு முதலில் சிறு துளையிட்டார். அவ்வாறு செய்யாவிடின் மரம் பிளந்துவிடும். கதவின் பருத்த விளிம்பை இழைப்புளியால் மெல்ல இழைத்தார். நாக்கு இருந்த பகுதியைத் துடைத்து, எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சிற் கரித்தூளை இட்டார். எண்ணெய் தூசியை ஈர்த்து நாளடைவில் இறுகிவிடும் என்பது அவர் பட்டறிவு. பிடியின் முனை கதவை நோக்கி வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டார். இல்லையேல் போகும்போதும் வரும்போதும் சேலைத் தலைப்பு அதில் மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் பொருத்தியானதும் பேரன் ஆவலோடு கதவைச் சாத்தப் போனான். "பொறு, தம்பி, முதலில் திறந்த கதவிலேயே பத்து முறை அழுத்திப் பார்" என்றார் தச்சர். உள்ளே ஏதேனும் குறை இருந்தால் சாத்திய பின் திறக்க வழியிராது அன்றோ? அவன் அழுத்திப் பார்த்தான். நாக்கு ஒவ்வொரு முறையும் தடையின்றி உள்ளே சென்று மீண்டது. அதன் பின்பே கதவு சாத்தப்பட்டது. மூதாட்டி உள்ளே இருந்தார். அடுத்த நொடியில், மூடியிராத உள்ளங்கையால் அழுத்தி, கதவைத் திறந்துகொண்டு கூடத்திற்கு வந்தார். குழவிக்கல் அன்றே அம்மிக்குத் திரும்பிற்று.

பழைய குமிழும் வீட்டைவிட்டுப் போகவில்லை. பூசை அலமாரியின் கதவுக்குத் தாழும் நாக்கும் இல்லை. இழுத்தால் திறப்பது அது. தச்சர் அதன் நடுவே குமிழைப் பொருத்திக் கொடுத்தார். திருக இயலாத விரல்களும் அதனை இழுக்க வல்லவையாக இருந்தன. நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் மூதாட்டியின் கை அதன்மேற் படுகின்றது.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது பல இடங்களுக்கும் பொருந்தும். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கதவுகள் உள்ளன. அவற்றைத் திறக்க வருவோருள் முதியோர் உண்டு, குழந்தைகள் உண்டு, உடற்குறை உடையோரும் உண்டு. பொதுக் கட்டடங்கள் இவர்கள் யாவரும் எளிதிற் பயன்படுத்தத் தக்கவையாக அமைய வேண்டும் என்பதற்கு, 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழி செய்கின்றது. பொதுவிடங்களுக்குச் சட்டம் வேண்டியுள்ளது. வீட்டிற்கு வேண்டுவது உற்று நோக்கும் கண்ணே. தமக்கு இயலாததை வாய்விட்டுக் கூற முதியோர் பலர் கூசுவர். கல்லை வைத்தோ கந்தையைச் சுற்றியோ தாமே ஒருவாறு காலம் கழிப்பர். அக்கல் ஏன் கிடக்கின்றது என்று கேட்பது இளையோர் கடமையாகும்.

முன்னோர் வைத்த பொருளை முன்னிருந்த இடத்திலேயே வைத்திருப்பது மட்டும் அவர்களைப் போற்றுவதாகாது. எதற்காக அதனை வைத்தார்களோ அந்தக் கருத்தைக் காப்பதே போற்றுவதாகும். வலிய கைக்கு எல்லாக் கதவும் திறக்கும். மெலிந்த கைக்கும் திறப்பதே நல்ல கதவு.