திரை தெரிகிறதா?

முலுண்டில் ஒரு வீட்டிலிருந்து இணையவழி ஆய்வரங்கில் இணைபவரின் காதில், முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஒரே கேள்வி நான்கு மொழிகளில் விழக்கூடும். ஆங்கிலத்தில் ‘ஆம் ஐ ஆடிபிள்?’, மராத்தியில் ‘ஆவாஜ் யேதோய் கா?’, இந்தியில் ‘ஆவாஜ் ஆ ரஹீ ஹை?’, தமிழர் ஒருவர் இருந்துவிட்டால் ‘சார், கேக்குதா? ஸ்க்ரீன் தெரியுதா?’. கேள்வியின் பொருள் ஒன்று, இலக்கணம் வேறு. ஆங்கிலத்தில் எழுவாய் பேசுபவரே. மராத்தியிலும் இந்தியிலும் எழுவாய் குரல். மராத்தியில் அது ஆண்பால், இந்தியில் பெண்பால். தமிழில் எழுவாயும் வெளிப்படுவதில்லை, ‘உங்களுக்கு’ என்ற நான்காம் வேற்றுமைச் சொல்லும் வெளிப்படுவதில்லை. அஃறிணை வினை மட்டும் தனித்து நிற்கிறது. விடையும் அப்படியே. ‘ஆம்’ என்பதைவிட ‘கேக்குது’, ‘தெரியுது’ என்று வினையையே திருப்பிச் சொல்வது தமிழ்ப் பேச்சின் இயல்பு. வந்து சேர்ந்தது குரலா, காட்சியா என்பது அந்த விடைக்குள்ளேயே இருக்கிறது.

செய்தி எதையும் சொல்லாமல் உறவை மட்டும் பேணும் பேச்சை 1923இல் மாலினோவ்ஸ்கி அடையாளம் காட்டினார். 1960இல் ரோமன் யாக்கப்சன், தொடர்புவழி திறந்திருக்கிறதா என்று சோதிப்பதை மொழியின் பணிகளுள் ஒன்றாகவே வகைப்படுத்தினார். தொலைபேசி உரையாடலின் தொடக்கங்களைப் பற்றி 1968இல் எழுதிய ஷெக்லாஃப், மணி ஒலிப்பதையே ஓர் அழைப்பாகவும் ‘ஹலோ’வை அதற்கான விடையாகவும் படித்தார். ‘திரை தெரிகிறதா?’ இந்த வரிசையில் வரும் கேள்விதான். ஆனால், இது பிறக்குமிடம் இரண்டு மென்பொருள்களுக்கு இடையிலான விளிம்பு. பவர்பாயிண்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தபோது அதன் வேலை, மேல்தலை ஒளிப்பெருக்கியில் வைக்கும் தாள்களை ஆயத்தம் செய்வது. கேட்போர் அனைவரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்பது அதன் அடிப்படை. ஜூம் நிறுவனம் 2011இல் தோன்றியது. அதன் அடிப்படை இதற்கு நேர் எதிரானது. இவ்விரண்டையும் ஒன்றாகத் தைக்க வேண்டிய கட்டாயம் 2020இல் வந்தது.

மத்திய ரயில் வழியில் மாநகராட்சி எல்லைக்குள் வரும் கடைசி நிலையம் முலுண்ட். அங்கிருந்து கலினாவிலுள்ள மும்பைப் பல்கலைக்கழக வளாகத்துக்குச் செல்ல, குர்லா வரை லோக்கலில் வந்து பின்னர் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 2020 மார்ச் 22 இரவோடு லோக்கல் ரயில்கள் நின்றன. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்கள், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைக் காணொலி வழியே நடத்த இடமளித்தன. 2021 பிப்ரவரியில் நேரக் கட்டுப்பாட்டுடன் எல்லோருக்கும் ரயில் திறந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வெளியூர்த் தேர்வாளர் திரையில் தோன்றுவது இப்போது இயல்பான காட்சி.

இந்தக் காட்சிக்குப் பின்னாலுள்ள வேலை பெரும்பாலும் ஓர் ஆய்வு மாணவரின் தலையில்தான் விழுகிறது. இணைப்பை அனுப்ப வேண்டும், நினைவூட்ட வேண்டும், ஸ்லைடுகளைத் திரட்டித் தொடக்க ஸ்லைடில் பெயரும் தலைப்பும் இட வேண்டும், பதிவைச் சேமிக்க வேண்டும், சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஊதியமில்லாத இந்த உழைப்பில் பெரும்பகுதியை இன்று தானியங்கிச் சங்கிலியிடம் ஒப்படைக்க முடியும். கூகுள் படிவத்தில் ஒருவர் பெயரை நிரப்பினால் அது விரிதாளில் சேரும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் எழுதிய சில வரிகள் மாதிரி ஸ்லைடை நகலெடுத்து, அதிலுள்ள இடக்குறிகளுக்குப் பதிலாகப் பெயரையும் தலைப்பையும் இட்டு, நாட்காட்டியில் மீட் இணைப்புடன் நிகழ்வை உருவாக்கும். மைக்ரோசாஃப்ட் பக்கம் பவர் ஆட்டோமேட்டைக் கொண்டு இத்தகைய வேலைகளைச் செய்யலாம். 2020இல் பெருகிய வெபினார்களின் மின்சான்றிதழ்கள் பல இந்த வழியில் வந்தவையே. பின்னூட்டப் படிவத்தை நிரப்பிய மறுநிமிடமே சான்றிதழ் வரும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் வந்தவருக்கும் வரும். தனிநபர் ஜிமெயில் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் வழியே நாளொன்றுக்கு 100 பேருக்கு மேல் அஞ்சல் போகாது. நூற்றியோராவது நபர் சான்றிதழுக்காகக் காத்திருப்பார். ஏன் வரவில்லை என்று கேட்டு அழைப்பது அந்த ஆய்வு மாணவரைத்தான்.

உழைப்பு குறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், ‘சேர்த்துவிட்டேன்’ என்பதை மட்டுமே அறிந்த சங்கிலி, ‘சேர்ந்ததா’ என்பதை அறியாது. இந்த இடைவெளி மும்பைத் தமிழரிடம் முதலில் பெயரிலேயே வெளிப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் பெயருக்கு மூன்று பகுதிகள்: தன் பெயர், தந்தை பெயர், குலப்பெயர். தமிழரிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். குலப்பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. எனவே, தந்தையின் பெயர் அங்கே போய் அமர்கிறது. குலப்பெயரை மட்டும் எடுத்து ‘முனைவர் பட்ட ஆய்வாளர் திரு.’ என்பதன்பின் ஒட்டும்படி மாதிரி ஸ்லைடு எழுதப்பட்டிருந்தால், ஆய்வேட்டை வழங்குபவர் தந்தையாகிவிடுகிறார். அரங்கில் சிரித்துக் கடந்துவிடலாம். அதே பெயர் சான்றிதழில் அச்சாகி, ஆய்வேட்டிலுள்ள பெயரோடு பொருந்தாமல் போனால் யாருக்கும் சிரிப்பு வராது.

எழுத்துருவில் இந்த இடைவெளி இன்னும் ஆழமானது. திரைப் பகிர்வு அனுப்புவது படத்தை. பேசுபவரின் கணினியில் எழுத்து சரியாக இருந்தால் எங்கும் சரியாகவே இருக்கும். கோப்பைச் சந்திப்புச் செயலிக்குள்ளேயே திறக்கும் புதிய ஏற்பாடுகள் அப்படியல்ல. டீம்ஸின் பவர்பாயிண்ட் லைவ் அவற்றுள் ஒன்று. அங்கே ஸ்லைடு வேறோரிடத்தில் புதிதாக வரையப்படுகிறது. அவ்விடத்தில் இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று வந்து அமரும். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த தமிழ் எடுத்துக்காட்டு, எழுத்துரு மாறியதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகிவிடும். யூனிகோடில் தட்டச்சு செய்த தமிழ் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆயினும், ஒலியன் குறியீடுகளுக்கு இடையே கட்டங்கள் முளைக்கலாம். ழகரத்தின் ஒலிப்பைப் பற்றிய ஆய்வில் ழகரமே தெரியாவிட்டால் எஞ்சுவது என்ன? ஸ்லைடு வெற்றிகரமாகப் பகிரப்பட்டது என்றே மென்பொருள் சொல்லும். அதன் கணக்கில் அது பொய்யும் அல்ல.

ஸ்லைடு நகர்த்தலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி தொலைக்காட்சியில் நாடறியச் சொன்ன ‘நெக்ஸ்ட் ஸ்லைடு, ப்ளீஸ்’ நகைச்சுவைத் தொடராகவே புழங்கத் தொடங்கியது. சொல்லால் செயல் நிகழ்த்துவது பற்றிய ஆஸ்டினின் நூலை வகுப்பில் நடத்துவோருக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இன்று நகர்த்தும் உரிமையைப் பேசுபவரிடமே தரும் வசதி சந்திப்புச் செயலிகளில் உண்டு. அது நல்ல மாற்றம். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நொடிக்கணக்கு வைத்துத் தானாக நகரவிடுவதும் எளிது. ஆனால், வாய்மொழித் தேர்வு முன்னோக்கி மட்டும் செல்வதில்லை. ‘அந்த ரெண்டாவது அட்டவணைக்குப் போங்க’ என்று தேர்வாளர் சொல்லும் கணத்தில்தான் தேர்வே தொடங்குகிறது. பின்னோக்கிச் செல்வது கேள்வியைப் புரிந்துகொண்டவரால் மட்டுமே முடிகிற வேலை.

2020 அக்டோபர் 12 அன்று காலை பத்து மணியளவில் கல்வா–பட்கா மின்தொடரமைப்பில் நேர்ந்த கோளாற்றால் மும்பை, தானே, நவி மும்பைப் பகுதிகள் இருளில் ஆழ்ந்தன. மும்பைப் பல்கலைக்கழகத்தின் அன்றைய இணையவழித் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. தானியக்கத்தின் முரண்நகைகளைப் பற்றி லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய கட்டுரையின் சாரம் இத்தகைய நாளில் விளங்கும். இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு மனிதர் பயிற்சியை இழக்கிறார்; அது தடுமாறும்போதோ மிகக் கடினமான பகுதி, பயிற்சி இழந்த அவர் கையிலேயே வந்து விழுகிறது. இணைப்பு எங்கே உருவாகிறது, கோப்பு எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று அறியாத ஒருங்கிணைப்பாளர் அந்த நேரத்தில் யாரை அழைப்பார்?

ஆகவே, சங்கிலியைக் கைவிட வேண்டியதில்லை. கண்ணிகளை அறிந்திருந்தால் போதும். நினைவூட்டல், இணைப்பு, கோப்புத் திரட்டல் ஆகியவற்றைத் தயங்காமல் இயந்திரத்திடம் விடலாம். பெயரை அச்சாகும் முன் உரியவரிடமே காட்ட வேண்டும். ஸ்லைடுகளை எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் வடிவிலும் வைத்திருந்து, அதன் ஒரு படியைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்வது நல்லது. மின்சாரம் போனால் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதைத் தேர்வாளருக்கு முந்தைய நாளே தெரிவித்துவிட வேண்டும். உரை தொடங்குமுன், பச்சைக் குறி ஒளிர்ந்தாலும், அந்தப் பழைய கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ‘தலைப்பு தெரியுது சார், ஆனா மூணாவது வரி கட்டம் கட்டமா வருது’ என்று மறுமுனையிலிருந்து ஒருவர் சொல்வார். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய அப்போதும் நேரம் இருக்கும்.