80ஆம் கதவு

2021 பெப்ரவரி 6 ஞாபகமா? கூகுளின் டொட் எல்கே முகவரியைத் தட்டினவங்க, தோட்டத் தொழிலாளர் பிரச்சினை பேசின வேறொரு பக்கத்தில போய் விழுந்தாங்களே. டொமைன் பதிவில நடந்த கைவரிசை அது. அந்தப் பயத்தில நாங்க பாடசாலை சேர்வரில 443ஐ மட்டும் விட்டு, 80ஆம் போர்ட்டை மூடினோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கெட்டித்தனம் எண்ட நினைப்புத்தான்!

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், ஆனா ஆயுள் 90 நாள். எங்கட சேர்வரில புதுப்பிக்கிற சோதனை 80ஆல வரணும். கதவோ பூட்டு.

தவணைப் புள்ளி பார்க்கப்போன உம்மாமார்ட போனில எல்லாம் எச்சரிக்கை. "சேர், வைரஸா?" ஒரு தாய் கிண்ணியாவில இருந்து பஸ் ஏறியே வந்துட்டா, மகள்ட புள்ளியக் கேட்க. தலை குனிஞ்சுதான் எழுதிக் கொடுத்தோம்.

அண்டைக்கே 80ஐத் திறந்து, வாறவங்களை 443க்குத் திருப்பிவிட்டோம். இப்ப மாசம் ஒருக்கா சேர்ட்பொட்டை ஒத்திகை ஓட்டிப் பார்க்கிறோம்.