கூரை பற்றிச் சில கணக்குகள்

வீட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதியவர்கள் பெரும்பாலும் வீட்டை இழந்ததைப் பற்றி எழுதியவர்கள்தாம். முற்றம், ரேழி, தாழ்வாரம், ஓட்டின் இடுக்கில் இறங்கும் வெயில் – இவையெல்லாம் நம் எழுத்தில் பொருள்களாக இல்லை, படிமங்களாக இருக்கின்றன. படிமத்துக்குச் சிமெண்டு மூட்டை என்ன விலை என்று கேட்க வேண்டியதில்லை. திருமுல்லைவாயிலில் அரை கிரவுண்டு மனையில், 18 லட்ச ரூபாய்க்குள், அதிலும் பாதிக்கு மேல் கடனாக, ஒரு வீட்டை எழுப்ப வேண்டி வந்தபோது இந்த வேறுபாடு எனக்கு ஸ்தூலமாகத் தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று நினைப்பவர்கள் தாண்டிப் போய்விடலாம். பின்னால் கவிதைகள் இருக்கின்றன.

சென்னை வடக்கே 13ஆம் பாகையில் இருக்கிறது. பள்ளியில் படித்ததுதான். ஆனால் அதன் பொருளை யாரும் சொல்லித் தரவில்லை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், ஆண்டில் இரண்டு முறை, நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே இருக்கிறது. கோடையில் உச்சி வேளைக்கு வெயில் படுவது வடக்குச் சுவரில், நிழல் விழுவது தெற்கில். ஐரோப்பியப் புத்தகங்களைப் பார்த்து வரைகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஆனால் எந்தச் சுவரும் பெரிய விஷயமல்ல. வெயிலில் பெரும்பங்கை வாங்குவது கூரை. அதற்கடுத்து மேற்குச் சுவர். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே சற்றுத் தணிந்தபின், இரவு ஏழு மணிக்கு மேல் வீட்டுக்குள் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. கடற்காற்று மயிலாப்பூருக்கு முற்பகலிலேயே வந்துவிடும் நாட்களில்கூட அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். சில நாட்கள் வருவதே இல்லை.

நாங்கள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தது மேல்மாடியில். இரவு பத்து மணிக்கு மின்விசிறி கீழே தள்ளுவது காற்றல்ல, தளத்தின் சூடு. அம்மாவுக்கு 79 வயது. ஈரத்துண்டைத் தரையில் விரித்து அதன்மேல் படுப்பாள், காய்ந்ததும் எழுந்து மறுபடி நனைப்பாள். வீடு என்று நான் யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது முற்றம் அல்ல, அந்தத் துண்டு. ஏ.சி. வாங்கிவிடலாம். அதற்கும் கணக்குப் போட்டேன். இரவில் எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 480. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் மாறி, பில் சட்டென்று ஏறுகிறது. ஏ.சி. ஒன்றே அந்த வாசலில் கொண்டு நிறுத்திவிடும். நான் ஏ.சி.க்கு விரோதி அல்ல. கூரை செய்யும் கொடுமைக்குக் கூரையை விட்டுவிட்டு வேறெங்கோ அபராதம் கட்டுவது தர்க்கமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் லாரி பேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் 2007இல் இறந்தார். இங்கிலாந்துக்குக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தவர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைத் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டவர். உள்ளூரில் அபிவிருத்தி ஆய்வு மையத்தின் வளாகமும் தம்பானூர் காபி ஹவுஸும் அவர் கட்டியவை. அச்சுத மேனனும் கே.என். ராஜும் சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு வழியாக அவர் வெளியிட்ட சிறு புத்தகங்களை நான் முதலில் பார்த்தது ஒரு நண்பரின் வீட்டில். கையால் எழுதி, கையால் வரைந்தவை. நம் பத்திரிகைகளின் நல்ல இதழ்களுக்கு இருந்த முகம் அவற்றுக்கு உண்டு: காசில்லாததால் வந்த எளிமை, நாளடைவில் ஒரு பார்வையாக ஆனது.

பேக்கர் வழிபாட்டில் எனக்கு இஷ்டமில்லை. கேரளத்துச் சரிவான நிலத்துக்கும் மழைக்கும் பொருந்தியது திருவள்ளூர்ச் சமவெளிக்கு அப்படியே பொருந்தாது. எகிப்தில் ஹசன் ஃபதி 1940களில் நியூ கூர்னா கிராமத்தை மண்ணால் கட்டினார், அழகான வேலை. மக்கள் குடியேற மறுத்தார்கள். அவர்களுக்குப் பிழைப்புக் காரணங்களும் இருந்தன என்றாலும், குவிமாடம் அவர்கள் கண்ணுக்குக் கல்லறையாகத் தெரிந்தது. கனத்த மண்சுவர் குளிர்ச்சி என்று இங்கேயும் சொல்கிறார்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகமுள்ள வறண்ட நாட்டில் அது உண்மை. நம் கடலோரப் புழுக்கத்தில் இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை; கனத்த சுவர் சேர்த்து வைத்ததைக் கொட்ட இடமில்லாமல் தவிக்கும். இங்கே வேண்டியது நிழலும், குறுக்கே ஓடும் காற்றும், சூட்டை ஏற்காத கூரையும்.

ஒப்பந்தக்காரர்கள் சொன்ன விலை சதுர அடிக்கு 2,400 ரூபாய். முதல் வரைபடம் 900 சதுர அடி, அதாவது 21,60,000. என்னிடம் அவ்வளவு இல்லை. ‘மலிவான பொருள்’ தேடிப் போவதற்கு முன் வரைபடத்திலேயே கைவைத்தேன். உட்காரவென்று ஒரு கூடம், சாப்பிடவென்று ஒரு கூடம் இரண்டும் ஒன்றாயின. விருந்தினர் அறை போயிற்று. 640 சதுர அடி. பிற்பாடு செய்த எந்தச் சிக்கனமும் இந்த 260 சதுர அடிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. முற்றமும் இங்கேதான் போயிற்று. அரை கிரவுண்டில் நான்கு பக்கமும் விட வேண்டியதை விட்டபின் முற்றம் வைத்தால் அதைச் சுற்றி நடக்கத்தான் வீடு மிஞ்சும். தவிர, நம் கதைகளில் வரும் முற்றங்களுக்குள் வர அனுமதியில்லாமல் கொல்லைப்புறமாக வந்து போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணமும் அந்த ஏக்கத்தில் முழுதாய்ச் சேர விடவில்லை.

மனை மேற்குப் பார்த்தது. மாடிப்படி, கழிவறை, பரண் எல்லாவற்றையும் மேற்கே தள்ளி, படுக்கிற அறையைத் தென்கிழக்கில் வைத்தேன். வாஸ்துப்படி அங்கே சமையலறை வர வேண்டும். மாமா ஒரு வாரம் பேசவில்லை. அக்கினி மூலையில் அம்மாவைப் படுக்க வைக்கிறாயா என்று கேட்டார். காற்று வருகிற மூலை அதுதான் என்றேன்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. கல்லைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் நடுவில் கூடு, கூட்டுக்குள் காற்று. செங்கல் ஏறக்குறைய நாலில் ஒன்று மிச்சம், கலவையும் குறையும், சூடு உள்ளே வரத் தாமதமாகும். கொத்தனார் இதற்கு முன் இப்படிக் கட்டியதில்லை. கழிவறைச் சுவரை இடுப்பளவுக்குக் கட்டிப் பார்த்துவிட்டு ரசமட்டத்தை வைத்தபடி சொன்னார்: “நிக்கும் சார், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நாளைக்கு உங்க சொந்தக்காரங்க வந்து பாத்தா, மேஸ்திரி கல்லைத் திருடிட்டான்னு என்னைத்தான் சொல்லுவாங்க.” அவர் பயம் அர்த்தமுள்ளது. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28இல் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு, இந்தப் பக்கத்தில் எதைக் குறைத்தாலும் குறைத்தவன் மேல் கண் விழும். மூலைகளையும் கதவு, ஜன்னல் ஓரங்களையும் கூடில்லாமல் கட்டியாக வைப்பது, மின்குழாய் எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்வது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து தீர்மானித்தோம்.

பணமாகப் பார்த்தால் இதில் மிஞ்சியது சுமார் 3,000 கல், 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். வேலை மெதுவாகப் போனதால் கூலியில் அதில் பாதி திரும்பிப் போயிற்று. சதுர அடி ரேட்டுக்கு விட்டால் கொத்தனார் ஓடத்தான் வேண்டும். ஆகவே சுவர் வேலையை மட்டும் நாள்கூலிக்கு மாற்றியிருந்தேன். பின்னே ஏன் செய்தாய் என்று ஒரு நண்பர் கேட்டார். பொருளுக்குப் போகும் பணம் ஆளுக்குப் போகிறது என்பதுதான் பேக்கரின் கணக்கின் உள்ளர்த்தம்; அதை மறைத்துவிட்டு ‘குறைந்த செலவு’ என்று மட்டும் விளம்பரம் செய்கிறார்கள். செங்கல் எங்கிருந்து வருகிறது என்றும் யோசிக்க வேண்டும். 2011இல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளையொன்றிலிருந்து 500க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்களை மீட்டார்கள். முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976இல். என் கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்று லாரிக்காரரிடம் கேட்டேன். “திருவள்ளூர்ப் பக்கம் சார்” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. சித்தாளாக வந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. கேட்டதற்கு, ஏரியா ரேட்டைக் கெடுக்கக் கூடாது சார் என்று பதில் வந்தது. கெடுத்தேன். வித்தியாசத்தைச் சனிக்கிழமைதோறும் தனியாகக் கொடுத்தேன். அதைக் கொடையாக வாங்கிக்கொண்டார்கள், கூலியாக அல்ல. இதில் எனக்குத் திருப்தி ஒன்றுமில்லை.

வெளிப்பூச்சு விஷயத்தில் பேக்கரை விட்டு விலகினேன். பூசாத செங்கலை அவர் அழகாக விட்டுவிடுவார். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. நம் கல்லும் தண்ணீர் குடிக்கும். எனவே வடக்கும் கிழக்கும் பூச்சு; தெற்கும் மேற்கும் இணைப்புகளை மட்டும் தீட்டிவிட்டு, மேற்கில் கல்லின் மேலேயே சுண்ணாம்பு. வேலை பாதியில் நின்றுவிட்டதா, பணம் பற்றவில்லையா என்று தெருவில் இரண்டு பேர் அனுதாபத்தோடு விசாரித்தார்கள். பூச்சு இங்கே மழைக்கு மட்டுமல்ல, மானத்துக்கும் போடுவது. மாடிப்படிச் சுவரில் இடைவெளி விட்டு ஜாலியாகக் கட்டியதும் பாதி வெற்றிதான்: ஆவடிக் கொசுவுக்கு வலை அடித்தே தீர வேண்டும், வலை காற்றில் கணிசமானதைத் தின்றுவிடுகிறது.

கடைசியில் கூரை. கான்கிரீட் தளத்தில் இழுவிசையைத் தாங்குவது அடியிலுள்ள கம்பி; அந்த அடிப்பகுதிக் கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டால் சிமெண்டும் மிச்சம், ஓடுகளுக்கிடையே காற்றும் தங்கும். ஓடுகளை இடிப்புச் சாமான் கடையில் வாங்கினேன். யாரோ இழந்த வீட்டின் ஓடுகள். (படிமம் வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.) கம்பிக் கணக்கைப் பொறியாளர் ஒருவரிடம் கொடுத்துப் போட்டு வாங்கினேன். அந்தச் செலவில் கைவைக்கக் கூடாது.

தளத்துக்கு மேல் சுர்க்கி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டே நகரும் அந்த வேலையைத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. நாலு நாள் அந்தச் சத்தம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிமிர்த்தி அடுக்கி, அதற்கு மேல் போட்டதும் இதே கலவைதான். உத்தரத்துக்கு நமக்கு வசதியில்லை, மேல் பாதியையாவது காப்பாற்றலாம். அதன்மேல் தட்டோடு, அதன்மேல் வெள்ளை.

மின்விசிறி மூன்று. பழைய வகை 75 வாட். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 189 யூனிட். புது வகை மோட்டார் 30 வாட்டில் ஓடுகிறது: 76 யூனிட். விலை இரு மடங்குக்குக் கிட்ட. வாங்கினேன். சூரியத் தகடு இப்போது வேண்டாம் என்று முடிவு. 2024இல் வந்த மத்தியத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் எங்கள் செலவே சொற்பம். கம்பி இறங்கக் குழாய் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். தரைமட்டத்தைத் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்தியது தனிச் செலவு. 2015 டிசம்பரைப் பார்த்தவனுக்கு அதில் பேரம் பேச மனம் வராது.

சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தைத்தான் தாங்கும். பங்குனி பிறப்பதற்கு முன் பாசியைச் சுரண்டி, பசை கலந்து இரண்டு கை அடிக்க வேண்டும். இந்த வருஷம் சாமானுக்கு 1,150 ரூபாய் ஆயிற்று, ஆள் நானே. ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு இறங்கிவிட்டேன். அதற்கு மேல் அந்த வெள்ளையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.