காவலர் கால்பட்ட பாதை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதையில் நடக்கிறவர்களுக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அடுத்த ஊர் கூப்பிடு தூரத்தில் தெரியும். பாதை நேராகப் போகாது. ஒரு சின்னக் குடாவின் அடிவரை இறக்கி, ஓடையைத் தாண்டவைத்து, மறுபக்கம் மூச்சு வாங்க ஏற்றிவிடும். ஏறி முடித்தால் இன்னொரு குடா. மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுக வாயில்வரை 630 மைலும் இதே கூத்து. ஏறிய ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நான்கு எவரெஸ்ட்.

இந்த வளைசலுக்குக் காரணம் கடத்தல்காரர்கள். வரி கட்டாத பிராந்தியும் தேயிலையும் ஒரு காலத்தில் இந்தக் குடாக்களில்தான் இரவோடிரவாக இறங்கின. கரைக்காவலர்கள் ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்தாக வேண்டும். அவர்கள் ரோந்து போன தடமே பாதையானது. அழகு பார்த்து யாரும் போட்டதில்லை. சந்தேகப்பட்டவர்கள் நடந்த வழியில் நாம் ரசித்துக்கொண்டு போகிறோம். முழு நீளமும் திறந்தது 1978இல். வழிகாட்டிக் கம்பங்களில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பல இடங்களில் பாதை யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலத்துக்குள் நுழையும். பொதுவழி என்பது அங்கே சட்டப்படியான உரிமை, யாரும் தடுக்க முடியாது. வேலியில் ஒரு வினோதக் கதவு: அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் மரக்கதவு. உள்ளே நுழைந்து, கதவைத் தள்ளி, பக்கவாட்டில் நழுவ வேண்டும். மாட்டால் முடியாது. முதுகில் பெரிய மூட்டை இருந்தால் மனிதராலும் முடியாது. கழற்றித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கழிமுகங்களைக் கடக்கப் பெரும்பாலும் படகு உண்டு. டெவனில் எர்ம் ஆற்றுக்கு அதுவும் இல்லை. கடல் வற்றும் நேரத்தை ஒட்டி, ஒரு மணி முன்பின்னாக, காலணியைக் கழுத்தில் தொங்கவிட்டு இறங்கிக் கடக்க வேண்டும். தவறவிட்டால் பல மைல் சுற்று. அதனால் பையில் ரொட்டி இருக்கிறதோ இல்லையோ, ஓத அட்டவணை இருக்கும். கைக்கடிகாரத்தில் அடிகளை எண்ணிக்கொண்டு விரைகிறவரும் அந்தக் கரையில் உட்கார்ந்து, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஒரே மூச்சில் முடிப்பவர்களைவிட, விடுமுறைக்கு விடுமுறை கொஞ்சமாக நடந்து வருடக்கணக்கில் முடிக்கிறவர்களையே எனக்குப் பிடிக்கிறது. எர்ம் அவர்களை அவ்வளவாகப் படுத்துவதில்லை.