கேட்டையும் சர்க்கரையும்

பிறந்த நாளே மனிதனை ஆக்குகிறது என்போர் இன்றும் நம்மிடை உளர். அவர் நம்புவது வானத்தை. ஆனால் வானம் சொல்வதை அவர் கேட்டதில்லை.

கேமரன் மலையில் மூடுபனி விலகும் இரவுகளில், தேயிலைச் சரிவுக்கு மேலே விருச்சிகத்தின் செவ்விய விண்மீனைக் காணலாம். அதுவே கேட்டை. நிலவு அதன் அருகே நின்ற நாளில் பிறந்த பெண் கணவனின் தமையனுக்கு ஆகாள் என்பர். எங்கள் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் சிற்றன்னை மகளை இதைச் சொல்லியே இரு குடும்பத்தார் மறுத்தனர். கொழுந்தெடுத்துத் தம்பியரைப் படிக்க வைத்த கைகளை அவர் பார்த்தாரில்லை, பஞ்சாங்கத்தையே பார்த்தனர்.

அக்கேட்டை தோன்றும் திசையில், ஏறத்தாழ 450 ஒளியாண்டுக்கு அப்பால், நம் ஞாயிற்றை ஒத்த இளஞ்சூரியர் சிலர் முகிலுக்குள் உருவாகி வருகின்றனர். ஐராஸ் 16293 என்பது அவ்விடத்தின் பெயர். 2012-இல் சிலி நாட்டு அல்மா வானொலித் தொலைநோக்கி அங்கே கிளைக்கோலால்டிகைடைக் கண்டது. சர்க்கரையை ஒத்தவற்றுள் மிக எளிய மூலக்கூறு அது. தீமை விளையும் என்று அஞ்சிய திசையில் சர்க்கரை விளைகிறது!

இடப ராசியில், ஏறக்குறைய அதே தொலைவில், எல் 1527 என்னும் மற்றோர் இளஞ்சூரியன் உண்டு. அங்கே மேலோங்கியவை கார்பன் அணுக்கள் சங்கிலியாய்க் கோத்த மூலக்கூறுகள். ஜப்பானிய அறிஞர் நமி சக்காய் குழுவினர் 2008-இல் இதனை அறிவித்தனர்.

முதற்பொருள் இரண்டிடத்தும் ஒன்றே. வேறுபாடு எங்ஙனம் வந்தது? சூழலால் என்பதே அறிஞர் தரும் விளக்கம். புறவொளி புகாத அடர்ந்த முகிலில் கார்பன், மோனாக்சைடாய்த் தூசியின்மேல் உறைகிறது. ஹைட்ரஜன் சேர்ந்து மெதனாலும், பின் அதனினும் பெரிய சேர்மங்களும் ஆகின்றன. ஒளி புகும் முகிலிலோ, தனித்து நின்ற கார்பன் அணுக்கள் மீத்தேனாகி, வெப்பம் பெற்றதும் சங்கிலிகளாய் நீள்கின்றன. இரண்டும் கலந்த இடங்களும் உள.

மலைவாழ் தமிழர்க்கு இது விளங்காததன்று. பறித்த கொழுந்தை உடனே சூடேற்றினால் பச்சைத் தேயிலை. வாட்டி உருட்டிக் காற்றுப்பட விட்டால் கறுப்புத் தேயிலை. செடி ஒன்றே. 1929-இல் ரஸ்ஸல் போ தோட்டத்தை நிறுவிய நாள்தொட்டு இம்மலையில் உழைத்தோரைக் 'கூலி' என்றே அழைத்தனர். பள்ளிக்கதவு திறந்தபோது அக்குடிகளிலிருந்தே ஆசிரியர் எழுந்தனர்.

முகிலைக் காட்டி மனிதனுக்கு விதி எழுதுவது சோதிடர் தொழில். அதனை யான் செய்யேன். ஒன்றே வினவுவேன்: விண்மீனின் கருவறையையே சூழல் ஆக்குமாயின், பிறந்தாரை விண்மீன் ஆக்குவது எவ்வாறு?