கொல்லிமலையில் ஒரு 'டக்'!

மலைக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் முன்பே அமர்க்களம் தொடங்கிவிடும். புளிசாதம், பேரனுக்குப் பால் பவுடர், பிளாஸ்கில் வெந்நீர், மாமியாருக்கு மாத்திரை டப்பா, வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேன். போன தை மாதம் கொல்லிமலைக்குக் கிளம்பிய அன்று நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். காரை!

ஒரு வாரமாகவே காலையில் சாவியைத் திருகினால், தூக்கம் கலையாத பிள்ளை மாதிரி "உர்ர்... உர்ர்..." என்று இழுத்து இழுத்துத்தான் கார் கிளம்பிற்று. "என்னங்க, சத்தம் சரியில்லையே" என்றேன். "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?" என்றார் என்னவர். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அதுதான் அடிவாரம். அங்கிருந்து மலை உச்சிக்கு மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். முதல் பத்து வரை எண்ணினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்ததுதான் நினைவு.

மேலே போய்விட்டால் பட்ட பாடெல்லாம் பறந்துவிடுகிறது. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. பலாவும் வாழையும் அன்னாசியும் தோட்டம் தோட்டமாக. சாமை, தினை விளைகிற பூமி இது. செம்மேட்டில் குதிரைமேல் கம்பீரமாக வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், வில்லுக்குப் பெயர் போனவன். ஆடிப் பதினெட்டை ஒட்டி அவனுக்கு விழா எடுக்கிறார்கள்.

அறப்பளீசுவரர் கோயிலில் நிம்மதியான தரிசனம். மாமியாரையும் ஏழு மாதப் பேரனையும் அவரிடம் விட்டுவிட்டு, நானும் மகளும் ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், சகோதரிகளே! அதுவும் செங்குத்தாக. ஆனால் அய்யாறு அத்தனை உயரத்திலிருந்து புகையாய்ச் சிதறி விழுகிற இடத்தில் போய் நின்றதும் முழங்கால் வலி மறந்தே போயிற்று. திரும்பி ஏறும்போதுதான் அது வட்டியோடு வந்தது!

மேலே வந்து சேர மணி நாலரை. இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரமாகக் காரில் ஏறினோம். அவர் சாவியைத் திருகினார்.

'டக்.'

அவ்வளவுதான். மறுபடி திருகினார். மறுபடியும் 'டக்.' இஞ்சின் சுற்றவே இல்லை.

"நீங்கள் வரும்வரை கொஞ்ச நேரம் பாட்டு போட்டேன், பேட்டரி இறங்கிப் போச்சு" என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் "பெட்ரோல் வரலை" என்றார். இன்னொருவர், "பள்ளத்திலே உருட்டி விடுங்க சார், தானா ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. பேரன் பசியில் அழத் தொடங்கினான். பிளாஸ்கில் ஒரு வேளைப் பாலுக்குத்தான் வெந்நீர் மீதி. எனக்கு அடிவயிறு கலங்கிற்று.

அவர் நிஜமாகவே பிரேக்கை விடப் போனார். அப்போதுதான் அங்கே ஜீப் வைத்திருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து தடுத்தார்.

"வேண்டாங்க! இஞ்சின் ஓடலைன்னா ரெண்டு மிதிக்கு மேல பிரேக் கல்லாட்டம் ஆயிடும். ஸ்டியரிங்கும் திரும்பாது. இந்த மலையிலே அந்த விளையாட்டு ஆகாது. சாவி போட்டா என்ன சத்தம் வருதுங்க?"

"ஒரே ஒரு 'டக்'குங்க" என்றேன் நான், காருக்குள்ளிருந்தே. "ஒரு வாரமா காலையிலே இழுத்து இழுத்துத்தான் கிளம்பிச்சு."

"அதைச் சொல்லுங்கம்மா! செல்ஃப்தான் சுத்தலை. அது சுத்தின பிறகுதானே பெட்ரோலுக்கு வேலை?" என்றவர், ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பளிச்சென்று எரிந்தது. "எரியட்டும். இப்போ சாவியைத் திருகுங்க." திருகியதும் 'டக்' என்ற சத்தத்தோடு விளக்கு அப்படியே செத்துவிட்டது. சாவியை விட்டதும் மறுபடி பளிச்!

"விளக்குக்குக் கொஞ்சம் கரண்டு போதும். செல்ஃபுக்கு நிறைய வேணும். ஒண்ணு பேட்டரியிலே சத்தில்லே, இல்லேன்னா நடுவிலே எங்கயோ அடைப்பு. காசு செலவில்லாததை முதல்லே பார்ப்போம்" என்று பானெட்டைத் திறந்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உப்புப் பிடித்த குழாயில் சொம்பு நிறைகிற அளவு தண்ணீர் சொட்டும். தொட்டியை நிரப்ப வருமா?

பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்துக் கிடந்தது. மாட்டியிருந்த கிளாம்பைக் கையால் திருகினார். அசைந்தது! முன்பே தளர்ந்திருந்தது, 70 வளைவு குலுங்கியதில் முழுக்க விட்டுவிட்டது. டீக்கடை அம்மாளிடம் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி ஊற்றினார். பத்தாம் நம்பர் ஸ்பானரால் கழற்றி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, துடைத்து இறுக்கினார். மொத்தம் கால் மணி நேரம். "இப்போ போடுங்க" என்றார். ஒரே திருகலில் கார் கிளம்பிவிட்டது! என் மாமியார் அறப்பளீசுவரா என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். பேத்திக்கு என்று சொன்னபிறகுதான் முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டார். டீக்கடை அம்மாள் பிளாஸ்கையும் நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் எங்கள் மெக்கானிக்கைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். குழந்தை அழுகிற அழுகையிலேயே இது பசி, இது வயிற்றுவலி என்று கண்டுபிடிக்கிற நமக்கு இது பெரிய வித்தையே அல்ல.

• "டக டக டக" என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். தளர்ந்த கம்பியும் இப்படிச் செய்யலாம்.

• ஒரே 'டக்', விளக்கும் மங்கினால் முதலில் டெர்மினலைப் பாருங்கள். சுத்தமாக, இறுக்கமாக இருந்தும் கிளம்பாவிட்டால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

• ஒரே 'டக்', விளக்கு மங்கவே இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். மெக்கானிக் வேலை.

• சத்தமே இல்லை, விளக்கு மட்டும் நன்றாக எரிகிறதா? ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்கிறதா பாருங்கள். சில கார்களில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். இவை சரியென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச்.

• இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்போதுதான் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டும்.

உப்பு பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் பொங்கி வந்துவிடும். பேட்டரி மூடிக்குள் மட்டும் அது போகக்கூடாது. துடைத்து இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் சீக்கிரம் பூக்காது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். தீக்குச்சி கிட்டவே வரக்கூடாது. முக்கியமாக, கை வைக்கும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். பொன்னோ இரும்போ, இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் பொசுக்கிவிடும்.

அன்று கடைசி வளைவைத் தாண்டிக் காரவள்ளிக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பேரன் என் மடியில் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் வெகுநேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு மெதுவாக, "நீ அன்னிக்கே சொன்னே" என்றார்.

"சொன்னேன். அழுத்திச் சொல்லாமல் விட்டது என் தப்பு" என்றேன்.

இப்போதெல்லாம் எங்கள் காரில் எலுமிச்சம்பழத்தோடு பத்தாம் நம்பர் ஸ்பானர், உப்புத்தாள், வாசலைன், டார்ச் எல்லாம் ஒரு பையில் இருக்கின்றன. காலையில் கார் கிளம்பும்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார். "சத்தம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் கியரைப் போடுகிறார்!