அட்டையில் பதிந்த இரண்டு குழிகள்

இன்று நான் எழுதப்போவது பிரசங்க பீடத்தில் நின்று பேசக் கூசுகிற ஒரு காரியம். சைக்கிள் இருக்கையைப் பற்றியும், அதன்மேல் உட்காருகிற சரீரத்தைப் பற்றியும் எழுதப்போகிறேன். முப்பது ஆண்டு ஊழியத்தில் இதற்கென்று ஒரு வரியும் ஆயத்தம் செய்ததில்லை. ஆனாலும் நான் ஒரு சகோதரிக்குக் கொடுத்த தவறான ஆலோசனை இதில் இருப்பதால், எழுதாமல் விட மனம் இடங்கொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு மாசி மாதம், உப்பு வாரத் தொடங்கியிருந்த சமயம். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் நம் சபைச் சகோதரி ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். கணவர் மரித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச்சென்ற பெரிய சைக்கிளில்தான் விடியுமுன் வேலைக்குப் போவார். "ஐயா, சைக்கிள்ல உட்கார முடியலைங்க. புண்ணா இருக்கு. ஜெபம் பண்ணுங்க" என்றார். அதற்குமேல் விவரிக்க அவருக்குக் கூச்சம். கேட்க எனக்குக் கூச்சம். ஜெபித்தேன். பிறகு, "பொறுத்துக்கொள்ளுங்கம்மா, போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். சொல்லும்போது அது நல்ல ஆலோசனை என்றே எண்ணினேன்.

அதே ஆண்டு சித்திரையில் எனக்குச் சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொன்னார். தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்றார். நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்றேன். அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள் என்றார். மருமகன் தன் பழைய கியர் சைக்கிளைத் தந்தார். கத்திபோல் ஒடுங்கிய இருக்கை அதற்கு. குனிந்து, கைகளில் பாரத்தைப் போட்டு, வேகமாக மிதிக்கிற இளைஞர்களுக்காகச் செய்யப்பட்டது அது. நானோ நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறவன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு உப்பளங்களை ஒட்டிய சாலையில் போய்த் திரும்புவேன். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். வரப்புகளில் உப்புக் குவியல்கள் வெளுத்திருக்கும். கழுவெளிப் பக்கமிருந்து பறவைகள் வரிசையாக வரும். இவற்றையெல்லாம் நான் ரசித்தது முதல் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் என் சிந்தை முழுவதும் இருக்கையிலேயே இருந்தது. நாலாம் நாள் நின்றுகொண்டே மிதித்தேன்.

வலித்தால் மெத்தை வேண்டும் என்பதுதானே நம் எல்லாருடைய ஞானம்? கடைக்குப் போய் ஒரு பஞ்சு உறை வாங்கி மாட்டினேன். விரலால் அழுத்தினால் அமுங்கியது. மிகவும் திருப்தியாக இருந்தது. ஆனால் அரை மணி நேரம் மிதித்தபின் வலிக்குப் பதிலாக ஒருவித மரத்துப்போதல் உண்டாயிற்று. இறங்கி நின்றபின்னும் சற்று நேரம் அந்த இடத்தில் உணர்வே இல்லை. வலி போய்விட்டதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அது எத்தனை அறியாமை என்று பின்புதான் தெரிந்தது.

சகோதரர்களே, உங்களில் நாள்தோறும் தொலைதூரம் சைக்கிள் மிதிக்கிறவர்கள் இதைக் கவனித்து வாசியுங்கள். மரத்துப்போவது நரம்பும் இரத்தக்குழாயும் அழுந்துவதன் அடையாளம். இரு தொடைகளுக்கும் நடுவே, உட்காரும் எலும்புகளுக்கு இடைப்பட்ட மென்மையான பகுதி உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென்று உண்டாக்கப்பட்டதன்று. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து செல்லும் காவலர்களை அந்நாட்டின் தொழிலிட நலத்திற்கான அரசு ஆய்வு நிறுவனம் பரிசோதித்து, இருக்கையின் மூக்குப் பகுதி அங்கே அழுத்துவதால் மரத்துப்போதலும், தாம்பத்திய வாழ்வைப் பாதிக்கும் குறைகளும் உண்டாகலாம் என்று கண்டது. மூக்கே இல்லாத இருக்கைகளைப் பயன்படுத்தும்படி 2009-இல் அது பரிந்துரையும் வெளியிட்டது. வெட்கத்தினால் மறைத்துவைக்கக்கூடிய காரியமல்ல இது.

பேருந்து நிலையத்துக்கு அருகே சைக்கிள் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். வேறு மதத்தவர், என்னை "சாமி" என்று அழைப்பார். அவரிடம் போய் இன்னும் தடிமனான பஞ்சு வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பஞ்சு வேண்டாம் சாமி. எலும்பு உட்காரணும், சதை உட்காரக் கூடாது" என்றார். பஞ்சு அதிகமானால் எலும்பு அதற்குள் புதைந்துபோகும். அப்போது நடுவிலுள்ள பஞ்சு மேலே எழும்பி மென்மையான இடத்தை அழுத்தும். எனக்கு நேர்ந்தது அதுவே.

பிறகு அவர் ஒரு பெட்டியைக் கிழித்து, உள்ளே நெளிநெளியாக மடிப்பு வைத்த அட்டைத் துண்டு ஒன்றை மர ஸ்டூலின்மேல் போட்டு, என்னை அதன்மேல் உட்காரச் சொன்னார். சற்றே முன்னால் சாய்ந்து, குதிகாலை உயர்த்தி, அரை நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னார். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதின் நடுவுக்கு அளந்தார். பதினொன்றரை சென்டிமீட்டர். ஐம்பது வயதைக் கடந்த என் சரீரத்தைப்பற்றி நான் அறிந்திராத அளவு அது! சட்டை அளவு தெரியும், செருப்பு அளவு தெரியும், கண்ணாடியின் பவர் தெரியும். நான் எதன்மேல் உட்காருகிறேன் என்பது தெரியாது.

இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். பருமனானவருக்கு அகலம் என்றும் ஒல்லியானவருக்குக் குறைவு என்றும் கணக்கில்லை. அது எலும்பின் அளவு. பெண்களுக்கு இடுப்பெலும்பின் அமைப்பினால் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்த இரண்டு எலும்புகளும் இருக்கையின் பின்பகுதியிலுள்ள சமமான இடத்தில் முழுமையாக அமர்ந்து, இருபுறமும் ஒரு விரற்கடையேனும் மீதம் இருக்க வேண்டும். நிமிர்ந்து உட்காருகிறவருக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும். அதற்காக மிக அகலமானதை வாங்கினால் தொடை உராய்ந்து தோல் உரிந்துவிடும். அதையும் நான் இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தேன். சோபாவைப்போல் ஒன்றை, பெரியவர் தடுத்தும் கேளாமல் வாங்கினேன். அது இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

கடைசியில் எனக்குப் பொருந்தியது, முதலில் கையால் அழுத்திப் பார்த்து "கல்லைப்போல் இருக்கிறதே" என்று நான் தள்ளிய ஒன்று. நடுத்தர அகலம், மெல்லிய பஞ்சு, கீழே இரண்டு ஸ்பிரிங். முதல் வாரம் எலும்பு இருக்கும் இடத்தில் இலேசாக வலித்தது. அந்த வலி பழகிப்போயிற்று; மரத்துப்போதல் திரும்ப வரவேயில்லை. இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம் என்று பெரியவர் சொன்னார். புதிதாக மிதிக்கிறவரின் எலும்பு வலி சில நாளில் அடங்கும். புண்ணும் மரத்துப்போதலும் பழகுவதில்லை; அவை கூடிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு பழைய கதையும் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குதிரைகளுக்குத் தோல் சாமான்கள் செய்துவந்தவர் ஜான் புரூக்ஸ். 1878-இல் அவருடைய குதிரை இறந்துபோகவே, வேலைக்குப் போக ஒரு சைக்கிளை இரவல் வாங்கினாராம். அதன் இருக்கை தாங்க முடியாததாக இருந்தது. சட்டகத்தின்மேல் தோலை இழுத்துக் கட்டி, 1882-இல் ஓர் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் தோல் இருக்கைகள் இன்றும் விற்பனையாகின்றன. அவற்றில் பஞ்சே கிடையாது. உட்கார உட்கார, தோல் அந்த ஒருவருடைய எலும்புக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்து அமையும். குதிரையின் முதுகுக்குச் சேணம் பொருந்த வேண்டும் என்று அறிந்திருந்த மனிதர், மனிதனுக்கும் அது பொருந்த வேண்டும் என்று கண்டுகொண்டார்.

"பழகுவதில்லை" என்று பெரியவர் சொன்னபோது அந்தச் சகோதரியின் முகம் என் முன் வந்து நின்றது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது, சக்கரத்தில் காற்றில்லை. இரண்டு மாதமாக நடந்தே உப்பளத்துக்குப் போகிறாராம். போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் குவிக்க வேண்டியிருப்பதால் மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறாராம். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னேனே ஐயா. நீங்க பழகிடும்னீங்க. எனக்குத்தான் விசுவாசம் பத்தலைன்னு இருந்துட்டேன்" என்றார்.

பிரியமானவர்களே, அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு துருப்பிடித்த நட்டைத் திருகியிருந்தால் தீரக்கூடிய உபத்திரவத்தை நான் அவருடைய விசுவாசத்தின்மேல் சுமத்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய்க் காப்பி போட உள்ளே போய்விட்டார்.

இறையியல் கல்லூரியில் நுகத்தைப்பற்றிய ஆண்டவரின் வசனத்தைப் படித்தபோது எங்கள் கிரேக்கப் பேராசிரியர் ஒரு சொல்லில் நெடுநேரம் நின்றார். நம் பழைய மொழிபெயர்ப்பில் "மெதுவாய்" என்று வருகிற இடத்தில் மூலத்தில் இருப்பது "கிறேஸ்தோஸ்". நல்லது, தயவானது, பயன்படுத்த ஏற்றது என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. இயேசு தச்சுவேலை செய்த நாட்களில் ஏர்களையும் நுகங்களையும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். வண்டி மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் உங்களில் பலர். நுகத்தடி சரியாக இழைக்கப்படாவிட்டால் மாட்டின் கழுத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். புண்பட்ட மாட்டுக்குப் பொறுமையைப் போதிக்கிற வண்டிக்காரரை நான் கண்டதில்லை. இந்தப் பகுதியின்மேல் நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒருமுறையும் தச்சருடைய இழைப்புளியை நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் பெரியவர் தம் பையுடன் வந்தார். சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில் மூன்று குறைகளைச் சொன்னார். முதலாவது உயரம். இருக்கை அவருடைய கணவரின் உயரத்துக்கு வைக்கப்பட்டு அப்படியே இருந்தது. பெடலை அடியில் எட்டிப் பிடிக்க ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாகச் சாய, அங்கே உராய்வு. குதிகாலைப் பெடலின்மேல் வைத்தால், அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது சாய்வு. நட்டு தளர்ந்து இருக்கையின் மூக்கு மேல்நோக்கி நின்றிருந்தது. மூன்றாவது இருக்கையே. உப்புக்காற்றில் ஸ்பிரிங் அரித்துப்போய், ரெக்சின் நடுவில் தொட்டில்போல் தொய்ந்திருந்தது.

போதாக்குறைக்கு உடை வேறு. உப்பளத்துப் பெண்கள் புடவைக்குமேல் ஆண்களின் சட்டையைப் போட்டுக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேலை முடிந்து திரும்பும்போது புடவை உப்புநீரில் ஊறி, காய்ந்து, மடிப்புகள் விறைத்துவிடும். அந்த மடிப்பின்மேல் உட்கார்ந்து நாலு கிலோமீட்டர் மிதித்தால் எந்தத் தோல் தாங்கும்? திரும்பும்முன் நல்ல தண்ணீரில் கழுவி, மாற்றுத்துணி உடுத்திக்கொள்ளும்படி என் மனைவி அவரிடம் சொன்னார். நான் கேட்கக் கூசியவற்றையெல்லாம் என் மனைவி ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்தார். ஆரம்பத்திலேயே அவரிடம் அனுப்பியிருக்கலாம்.

ஆண்கள் வெளியே திண்ணையில் இருக்க, பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகள் உள்ளே அட்டை வைத்து அளந்து வந்தாள். பதின்மூன்று சென்டிமீட்டர். அதற்கேற்ற இருக்கையைப் பெரியவர் கொண்டுவந்தார். நான் பணம் தருகிறேன் என்றேன், சகோதரி ஒப்புக்கொள்ளவில்லை. கூலி வாங்குகிற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவரிடமே கொடுத்துத் தீர்த்தார். இருக்கைத் தண்டு துருவினால் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் தட்டித் தட்டித்தான் இறக்க முடிந்தது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் வண்டி நிற்கும்போது அந்த இடத்தில் கிரீஸ் தடவி வையுங்கள்.

புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. அரசு மருத்துவமனையில் களிம்பு கொடுத்தார்கள். இப்போது அவர் சைக்கிளில் போகிறார். உப்பு அதிகம் வாருகிற நாட்களில் இன்னும் எரிச்சல் இருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். முற்றிலும் நீங்கிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல முடியாது.

அந்த மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் இருக்கிறது. வகுப்பிலுள்ள நெட்டையான பெண்ணுக்கும் குட்டையான பெண்ணுக்கும் கிடைப்பது ஒரே அளவு வண்டிதான். ஆனால் இருக்கை ஏறும், இறங்கும். கொடுத்த நாளிலிருந்து ஒருமுறையும் அதை அவள் மாற்றியதில்லை. மாற்றலாம் என்றே தெரியாதாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாக, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பலர் கற்றது ஆண்களுக்கான உயரமான வண்டியில்தான். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் கணவனுடைய உயரத்திலேயே உட்கார்ந்து மிதித்தார்களோ! அந்தப் பிள்ளை ஸ்பேனரை வாங்கி, தன் இருக்கையைத் தானே இரண்டு விரற்கடை இறக்கிக்கொண்டாள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெரியவர் தம் சாமான்களோடு ஆலய வளாகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிளில் வருகிற அனைவரும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகாமல் சற்றுக் காத்திருங்கள். பெண்களுக்கு ஞாயிறு பள்ளி அறையில் என் மனைவியும் அந்தச் சகோதரியும் அளவெடுப்பார்கள். அட்டைப்பெட்டி நாலைந்து தேவைப்படுகிறது. மளிகைக் கடை வைத்திருக்கிறவர்கள் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். திண்ணையில் கிடக்கும் அந்தச் சோபா இருக்கை யாருக்காவது பொருந்துமானால் எடுத்துக்கொள்ளலாம், அளந்து பார்த்தபின்.